இரட்டைமலை சீனிவாசனாரும் வாக்குரிமையும்

சட்டம் என்பது நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் இருப்பது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பிறக்குமிடம் சட்டசபை. அச்சட்டசபை பிறக்குமிடம் வாக்குச்சாவடி. இவ்வுண்மையைத் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்க்கை நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், 1893-ஆம் ஆண்டு சென்னையில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை அந்நாளில் எழுந்தது. சாதி வேற்றுமை பாராட்டுவோரே அதிகாரிகளாகி நம்மை ஆள்வர் என அஞ்சிய அவர், 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். வாக்கற்ற மக்களுக்கு அன்று கையொப்பமே கருவி.

பின்னர்த் தென்னாப்பிரிக்காவில் நெடுங்காலம் பணியாற்றித் திரும்பிய அவரை, 1923-இல் அரசாங்கம் சென்னைச் சட்டசபைக்கு நியமித்தது. 'நியமித்தது' என்பதை நாம் கவனிக்க வேண்டும். சொத்தும் வரியும் வாக்குரிமையை அளந்த அக்காலத்தில், நம்மவருள் வாக்காளராயிருந்தோர் மிகச் சிலரே.

பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எல்லா வகுப்பாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் அவர் கொண்டுவந்தார். சபை அதனை ஏற்றது. 1925-இல் அரசிதழிலும் அது வெளியாயிற்று.

ஆயினும் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. தீர்மானம் சபையின் கருத்து மட்டுமே. மீறுவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். அதற்கு மசோதா அறிமுகமாகி, விவாதிக்கப்பட்டு, பிரிவு பிரிவாக ஆராயப்பட்டு, பெரும்பான்மை வாக்கினால் நிறைவேறி, ஆளுநரின் ஒப்புதலைப் பெறவேண்டும்.

இதனை நன்குணர்ந்த சீனிவாசனார், 1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் இணைந்து நம் மக்களின் அரசியல் உரிமைகளுக்காக வாதாடினார். 1932-ஆம் ஆண்டுப் பூனா ஒப்பந்தத்தின்படி சென்னை மாகாணத்திற்கு 30 தனித்தொகுதி இடங்கள் கிடைத்தன. 1937-இல் தேர்தல் நடைபெற்றது. மறுஆண்டே எம்.சி. ராஜாவின் முயற்சியால் பொது உரிமைத் தடைகளை நீக்கும் சட்டம் நிறைவேறியது. அன்று தீர்மானமாயிருந்தது, இன்று தண்டிக்கும் சட்டமாயிற்று. ஆனால் அதே 1938-இல் அவர் கொண்டுவந்த கோயில் நுழைவு மசோதா போதிய வாக்கின்றித் தோற்றது. நியாயம் நம் பக்கம் இருந்தது, எண்ணிக்கை இல்லை. மாகாணமெங்கும் ஆலயக் கதவுகளைத் திறக்கும் சட்டம் 1947-இல்தான் வந்தது.

1945 செப்டம்பர் 18-இல் சீனிவாசனார் மறைந்தார். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 326-ஆம் பிரிவு வயது வந்தோர் அனைவருக்கும் வாக்களித்தது. கோடீசுவரருக்கும் ஒரு வாக்கு. கூலியாளுக்கும் ஒரு வாக்கு. இருபத்தொன்றாயிருந்த வாக்களிக்கும் வயது 1989-இல் பதினெட்டாயிற்று.

தமிழ்நாட்டுச் சட்டசபையின் 234 இடங்களில் 44 தாழ்த்தப்பட்டோர்க்குரியவை. அவ்விடங்களில் அமர்வோர் வாய் திறப்பதும் திறவாதிருப்பதும் நாம் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், பின்னர் அவரை என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இளைஞர்களே! பதினெட்டு நிறைந்ததும் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயரைச் சேருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களின் பெயரும் உள்ளதா எனப் பாருங்கள். ஒருநாள் செலவுக்காக ஐந்தாண்டு உரிமையை விற்காதீர்கள். 112 அடித் தாளில் கையொப்பமிட்ட நம் முன்னோருக்கு அந்த ஒரு வாக்கு கிடைக்கவில்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.