காற்றின் கனத்தை அளந்த அன்னா மணி அம்மையார்

மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

அழுத்தம் கண்ணுக்குத் தெரியாதது. ஆனால் அது இல்லாத இடம் இல்லை. நம் அண்ணனூர் ரயில் நிலையத்தை ஒட்டி மின்சார ரயில்களைப் பராமரிக்கும் கார் ஷெட் இருப்பதை எல்லோரும் அறிவோம். அங்கு வரும் வண்டிகளின் பிரேக்குகள் அடைத்து வைத்த காற்றின் அழுத்தத்தால் இயங்குகின்றன. நிலையத்தில் நாம் கேட்கும் ‘உஸ்’ என்ற ஓசை அந்தக் காற்று வெளியேறும் ஓசையே. மருத்துவர் பாட்டியின் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பிறகு மெல்லத் தளர்த்திப் பார்ப்பதும் அழுத்தத்தைத்தான். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் செய்தியில் தவறாமல் வரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமும் அதுவே. அந்தச் செய்தியை நாம் எவ்வளவு ஆவலுடன் கேட்போம் என்று தோழியருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் பள்ளி உண்டா இல்லையா என்பது அதில் அல்லவா இருக்கிறது!

ரயில் ஓட்டுநர், மருத்துவர், ஆட்சியர் ஆகிய மூவரும் ஒரு கருவி காட்டும் எண்ணை நம்பியே முடிவு செய்கிறார்கள். அந்தக் கருவி பொய் சொன்னால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட பெண்மணி ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர்தான் அன்னா மணி.

அன்னா மணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் அவர் ஏழாவது. தந்தையார் கட்டடப் பொறியாளர். ஏலக்காய்த் தோட்டங்களும் வைத்திருந்தார். வசதியான குடும்பந்தான். ஆயினும் அக்கால வழக்கப்படி ஆண்பிள்ளைகளை உத்தியோகத்துக்கும் பெண்பிள்ளைகளைத் திருமணத்துக்கும் ஆயத்தம் செய்தார்கள். எட்டாவது பிறந்தநாளில் குடும்ப வழக்கப்படி வைரத்தோடு வாங்கித் தந்தபோது, சிறுமி அன்னா அதை வேண்டாமென்று சொல்லி, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்டாராம். நம்மில் எத்தனை பேர் அப்படிக் கேட்போம்? (எனக்கு அவ்வளவு துணிவு இல்லை, இரண்டையும் கேட்டிருப்பேன்.)

1925இல் வைக்கம் போராட்டத்தின்போது காந்தியடிகள் அங்கு வந்தார். அந்த நிகழ்ச்சி சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்தது. பின்னாளில் அவர் கதராடையையே உடுத்தினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1939இல் இயற்பியல் வேதியியல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மறு ஆண்டே உதவித்தொகை கிடைத்துப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கு வைரங்களையும் மாணிக்கக் கற்களையும் ஒளியில் வைத்து ஆராய்வது அவர் பணி. ஒரு படத்தைப் பதிவு செய்ய ஒளித்தகடு பதினைந்து முதல் இருபது மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதனால் பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தன. எட்டு வயதில் வைரத்தைத் தள்ளியவர், இருபத்திரண்டு வயதில் வைரத்தோடே விழித்திருந்தார்!

1942 முதல் 1945 வரை தாம் ஒருவராகவே ஐந்து ஆய்வுக்கட்டுரைகள் வெளியிட்டார். பிறகு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அந்நாளில் அக்கழகத்து ஆய்வுகளுக்குப் பட்டம் வழங்கும் உரிமை சென்னைப் பல்கலைக்கழகத்திடம் இருந்தது. எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி, அன்னா மணிக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. ஆனர்ஸ் பட்டத்தை ஏற்றுத்தான் அவரை ஆராய்ச்சிக்கே சேர்த்திருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், இம்முடிவு நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆய்வேடு இராமன் ஆராய்ச்சி நிலைய நூலகத்தில், பட்டம் பெற்ற மற்ற ஆய்வேடுகளைப் போலவே கட்டமைத்து வைக்கப்பட்டது. பார்ப்பவருக்கு வேற்றுமை தெரியாது. அம்மையாரோ இதைப் பெருங்குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அல்லர்.

1945இல் அரசு உதவித்தொகையுடன் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். இயற்பியலில் மேலே ஆராய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் கிடைத்த இடமோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கானது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டார். அதுவே அவர் துறையாயிற்று.

1948இல் அவர் தாயகம் திரும்பிப் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தபோது நாடு விடுதலை பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. வெப்பமானி, மழைமானி, பாரமானி போன்ற எளிய கருவிகளைக்கூட அதுவரை இங்கிலாந்திலிருந்து தருவித்துக்கொண்டிருந்தோம். அவற்றை நாமே செய்துகொள்ள வேண்டும் என்பது அப்பிரிவுக்குத் தலைவராக இருந்த எஸ். பி. வெங்கடேசுவரனின் நோக்கம். அன்னா மணி அதைத் தம் நோக்கமாகவே எடுத்துக்கொண்டார். 1953இல் அப்பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. அவருக்குக் கீழ் 121 ஆண்கள் பணிபுரிந்தனர். ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு ஒரே சீரான வரைபடங்களை உருவாக்கி, அவற்றின்படி இங்கேயே செய்வித்தார்.

வரைபடம் போடுவதில் என்ன பெரிய சாதனை என்று சிலர் நினைக்கலாம். நானும் அதை அறிய விரும்பிப் பாரமானியைப் பற்றிச் சற்று விரிவாகப் படித்தேன். 1643இல் டாரிசெல்லி என்னும் இத்தாலியர், கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்து வைத்தார். பாதரசம் முழுவதும் கொட்டிவிடாமல் சுமார் 76 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது. அதைத் தாங்கி நிறுத்துவது வெளிக்காற்றின் அழுத்தம். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடத்தில் நாம் படித்ததுதான் இது. நம் பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது. வானிலையாளரின் வேலை அதற்குப் பிறகே தொடங்குகிறது. வெயிலில் பாதரசம் விரியும். சென்னையைப் போன்ற ஊரில் 30 பாகை வெப்பத்தில் அந்த விரிவினால் மட்டும் பாரமானி சுமார் மூன்றே முக்கால் மில்லிமீட்டர் கூடுதலாகக் காட்டும். கருவி வைத்திருக்கும் இடம் சுமார் எட்டு மீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். போதாததற்கு, நம் போன்ற வெப்பநாடுகளில் காற்றழுத்தம் புயல் இல்லாத நாளிலும் இருமுறை ஏறி இருமுறை இறங்கும். காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும்.

அந்த மூன்றே முக்கால் மில்லிமீட்டர் என்பது ஐந்து ஹெக்டோபாஸ்கலுக்குச் சமம். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகத் தொடங்கும்போது அதன் மையத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வேறுபாடே சில ஹெக்டோபாஸ்கல்தான்! நாகப்பட்டினத்துக் கருவி ஒரு விதமாகவும் சென்னைக் கருவி வேறு விதமாகவும் காட்டினால், வருகின்ற புயல் அந்தப் பிழைக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். தவறான அளவைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்று அம்மையார் கருதியதன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் அழித்ததையும், பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் கடலில் மூழ்கியதையும் நம் வீட்டுப் பெரியோர் இன்றும் சொல்வர். செயற்கைக்கோள் படங்கள் இன்றுபோல் மணிக்கு மணி கிடைக்காத காலம் அது. கரையோர நிலையங்களும் கப்பல்களும் அனுப்பும் பாரமானி அளவுகளே எச்சரிக்கைக்கு ஆதாரம்.

மருத்துவத்திலும் இதே கதைதான். இரத்த அழுத்தத்தை இன்றும் பாதரச மில்லிமீட்டரிலேயே சொல்கிறோம். 120க்கு 80 என்பதெல்லாம் அந்தக் கணக்கே. பருத்த கையில் குறுகிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நோயில்லாதவர் மாத்திரை விழுங்க நேரிடும். என் பாட்டியின் வீட்டுக் கருவி ஓர் எண்ணும், மருத்துவமனைக் கருவி வேறோர் எண்ணும் காட்டி, வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அன்னா மணி இருந்திருந்தால் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைத்து ஒப்பிட்டிருப்பார்.

அவர் பணி பாரமானியோடு நின்றுவிடவில்லை. 1957–58இல் நடந்த உலகப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் அமைத்தார். வளிமண்டலத்தின் ஓசோனைப் பலூனில் ஏறிச் சென்று அளக்கும் கருவி 1960களில் இந்தியாவிலேயே உருவாகக் காரணமானார். தும்பா ராக்கெட் தளத்தில் வானிலைக் கூடமும் கருவிகள் பொருத்திய கோபுரமும் அமைத்துக் கொடுத்தவரும் அவரே. (புனித மகதலா மரியாளின் ஆலயம் அறிவியலாளர்களின் பணியிடமாக மாறியது இந்தத் தும்பாவில்தான்.)

1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். இராமன் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பி, இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சு பற்றி 1980இலும் 1981இலும் இரண்டு பெரிய நூல்களை வெளியிட்டார். அடுத்துக் காற்றின் வேகத்தை அளக்கும் பணியில் இறங்கினார். ஓரிடத்து அழுத்தத்துக்கும் இன்னோர் இடத்து அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே காற்றாக வீசுகிறது. எனவே இதுவும் அவருடைய பழைய பாடத்தின் தொடர்ச்சியே. எந்த ஊரில் காற்றாலை நிறுவினால் பயன் உண்டு என்று அறிய அவர் திரட்டிய அளவுகள் அடித்தளமாயின. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சுற்றுலா சென்ற தோழியர் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பார்கள். பெங்களூரில் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்திக் காற்று, கதிர்வீச்சு ஆகியவற்றை அளக்கும் கருவிகளையும் செய்தார்.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. 1987இல் கே. ஆர். இராமநாதன் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. டாக்டர் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை. 1994இல் பக்கவாதம் தாக்கி நடமாட்டம் குறைந்தது. 2001 ஆகஸ்ட் 16ஆம் நாள், எண்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, திருவனந்தபுரத்தில் காலமானார்.