பூவிலும் கண்ணிலும் ஒரே பெயர்

திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டி.எம்.வி. மல்லாட்டை தெரிந்திருக்கும். (மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலைதான்!) திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் என்பதால், ஊரின் பெயர் சுருங்கி அதற்கு வந்தது. அதுபோல ஒரு மனிதரின் பெயரைச் சுமக்கும் பூவும் உண்டு. சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாகப் பூக்குமே, ஜினியா, அதுதான்.

அந்த மனிதர் யோகான் கோட்ஃபிரீட் ஜின். இன்றைய ஜெர்மனியிலுள்ள ஷ்வாபாக் என்ற ஊரில் 1727 டிசம்பர் 4ல் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அவருடைய ஆசிரியர் ஆல்பிரெக்ட் ஹாலர் மனித உடலையும் ஆராய்ந்தார், செடிகளையும் ஆராய்ந்தார். மாணவரும் அப்படியே ஆனார். ஹாலர் 1753ல் ஊர் திரும்பியதும், பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் ஜின்னின் பொறுப்புக்கு வந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை!

1755ல் மனிதக் கண்ணைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நம் கண்ணுக்குள் ஒரு லென்ஸ் இருக்கிறது அல்லவா? அது அந்தரத்தில் மிதக்கவில்லை. மெல்லிய இழைகள் சுற்றிலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கரும்பலகையைப் பார்க்கும்போது அவை இறுகி லென்ஸைத் தட்டையாக்கும். புத்தகத்தைப் பார்க்கும்போது தளர்ந்து, லென்ஸ் உப்பும். அந்த இழைகளை நுட்பமாக விவரித்தவர் ஜின். இன்றும் கண் மருத்துவர்கள் அவற்றை அவர் பெயரால் குறிப்பிடுகிறார்கள்.

ஜினியாவின் தாயகம் மெக்சிகோ. ஜின் அங்கே போய்ப் பறித்து வந்ததாகச் சிலர் சொல்வது வெறும் கதை. தன் தோட்டத்துச் செடிகளை 1757ல் பட்டியலிட்டபோது, இந்தச் செடியையும் விவரித்தார். ஆனால் ருட்பெக்கியா என்ற வேறு இனத்தில் சேர்த்துவிட்டார். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ், இது தனி இனம் என்று கண்டு, ஜின்னின் பெயரையே வைத்தார். அந்த நூல் வந்தது 1759 ஜூன் மாதம். ஜின்னோ அதே ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதியே இறந்துவிட்டார். வயது 31. தன் பெயரில் ஒரு பூ இருப்பதை அவர் அச்சில் பார்க்கவே இல்லை.

நீங்கள் பார்க்கலாமே! நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைத்தால் நாற்று அழுகும். மழை ஓய்ந்து, தை பிறந்ததும் விதையுங்கள். நல்ல வெயில் படும் இடம் வேண்டும். மண்ணைக் கொத்தி, மக்கிய சாணி எரு கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையைப் போட்டு மூடுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். செடிக்குச் செடி ஒரு அடி விடுங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். இலை ஈரமாகவே இருந்தால் நோய் வரும். நான்கு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்து வளரும். இரண்டு மாதத்தில் பூக்கும்.

ஒன்றிரண்டு பூக்களைப் பறிக்காமல் செடியிலேயே காயவிடுங்கள். உதிர்த்துப் பார்த்தால், காய்ந்த இதழின் அடியில் அம்பு முனைபோல் விதை ஒட்டியிருக்கும். காகித உறையில் போட்டு, தேதி எழுதி, அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.