மறுவாழ்வு தந்த மருத்துவர் மேரி வர்கீஸ்

திருப்பதியிலிருந்து காட்பாடி செல்லும் ரயில், சந்திரகிரி, பாகாலா, சித்தூர் ஆகிய ஊர்களைக் கடந்து செல்கிறது. அந்த ரயிலில் எக்ஸ்ரே படங்களையும் மருத்துவக் கோப்புகளையும் மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்போரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களுள் பெரும்பாலோர் வேலூர் மருத்துவமனைக்குச் செல்பவர்கள். இன்று இடையில் மாநில எல்லை இருக்கிறது. ஆனால் 1911 வரை வேலூர், சித்தூர், திருப்பதி மூன்றும் வட ஆர்க்காடு என்னும் ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சித்தூரே அதன் தலைநகராக விளங்கியது. ஆகவே, தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் உங்களுக்கு வேலூர் அயலூர் அன்று. அவ்வூரில் வாழ்ந்து, உடல் ஊனமுற்றோரின் மறுவாழ்வுக்கு வழிகண்ட மருத்துவர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

மேரி வர்கீஸ் 1925ஆம் ஆண்டு கொச்சிக்கு அருகிலுள்ள செராய் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஊரில் மதிப்பு மிக்க நிலக்கிழார். எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் பயின்ற பின்னர், மருத்துவம் கற்கும் விருப்பத்தோடு மேரி வேலூர் வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் 1918இல் பெண்களுக்கென அங்குத் தொடங்கிய மருத்துவப் பள்ளி, அப்போது கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருந்தது. மேரி படிப்பை முடித்து, மகப்பேறு மற்றும் பெண்களுக்கான மருத்துவத்தில் மேற்பயிற்சி பெறத் தொடங்கினார். அத்துறையிலேயே வாழ்நாளைக் கழிக்க அவர் எண்ணியிருந்தார்.

1954ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில், இளம் மருத்துவர்கள் சிலர் சென்ற வண்டி சாலையில் கவிழ்ந்தது. அதில் மேரியும் இருந்தார். அவருடைய முகம் கிழிந்தது, தண்டுவடம் சிதைந்தது. முதுகெலும்பின் உள்ளே மூளையிலிருந்து இறங்கும் நரம்புக் கற்றையே தண்டுவடம். அது ஒருமுறை சிதைந்தால் மீண்டும் இணைவதில்லை. அறுவைச் சிகிச்சைகள் பல நடந்தும் இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 28.

செல்வம் உடைய குடும்பத்தில் பிறந்தவர் ஆதலால், பெற்றோர் இல்லத்தில் பணியாளர்கள் துணையோடு அவர் வாழ்ந்திருக்கலாம். அப்படி வாழ்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். மகப்பேற்று மருத்துவருக்கோ நின்று பணியாற்றும் கால்கள் வேண்டும். நடக்க இயலாத ஒருவர் இனி மருத்துவராக இருக்க முடியுமா என்பதே அவர்முன் நின்ற வினா.

அதற்கு விடை தேட உதவியவர் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர். இவர் நம் கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர். 1946 முதல் வேலூரில் பணியாற்றினார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று காட்டியவர். அந்நோய் முழங்கையருகே செல்லும் நரம்பைத் தாக்குவதால் விரல்கள் நகம்போல் உள்வளைகின்றன, உணர்வும் மறைகிறது.

இங்குச் சற்று நிறுத்தி, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வலக்கை விரல்களின் மேலிரண்டு கணுக்களையும் மடக்கிக்கொள்ளுங்கள். அவற்றை நிமிர்த்தாமலே மேசைமீதுள்ள தண்ணீர்க் குவளையை எடுக்க முயலுங்கள். வாளியின் பிடியை விரலில் மாட்டித் தூக்க முடியும். குவளையைச் சுற்றிப் பிடிக்க முடியாது. சட்டைப் பொத்தானையும் போட முடியாது. இத்தகைய கையில், நன்றாக இயங்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து விரல்களோடு இணைத்தால், செயலிழந்த தசையின் வேலையை அது செய்யும். நோயாளர் தம் கையைப் புதிதாக இயக்கக் கற்றுக்கொள்ளவேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சி தேவைப்படும்.

நுட்பமான இந்த அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர் நிற்கவேண்டும் என்பதில்லை. நோயாளரின் கையைச் சிறுமேசைமேல் வைத்து, எதிரே அமர்ந்தே செய்யலாம். இதனைக் கற்குமாறு பிராண்ட் மேரியை ஊக்கினார். கால்கள் இயங்காவிடினும் கைகள் நலமாகவே இருந்தன. மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறு கத்தியை எடுத்தார். தழும்பேறிய முகத்தோடும் அசையாக் கால்களோடும் வந்து தம் கையைத் தொடும் மருத்துவரைக் கண்ட தொழுநோயாளர்கள், வேறு எவரிடமும் கொள்ளாத நெருக்கத்தை அவரிடம் கொண்டனர். அந்நோயாளரைத் தொடவே மக்கள் அஞ்சிய காலம் அது என்பதை நினைவிற்கொள்க.

ஆயினும், கையை நிமிர்த்துவதோடு கடமை முடிந்ததா? பிராண்டுக்கு ஒரு கசப்பான அனுபவம் ஏற்பட்டிருந்தது. அறுவைச் சிகிச்சை பெற்றுச் சென்ற நோயாளர் சிலர் வறுமையோடு திரும்பி வந்தனர். வளைந்த கையைக் கண்டு பிச்சையிட்டவர்கள், நேரான கையைக் கண்டு இடவில்லை. தொழுநோய் வந்தவர் என்பதனால் வேலை கொடுப்பாரும் இல்லை. மருத்துவர் வெற்றி என்று கருதியது, நோயாளருக்கு இருந்த ஒரே வருவாயையும் போக்கிவிட்டது! இதன் விளைவாகவே 1951இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. அங்குத் தங்கியவர்கள் தச்சு வேலை கற்றனர்; மரப் பொம்மைகள் செய்தனர். உணர்வற்ற கை, சூட்டையும் கூர்மையையும் அறியாது. ஆதலால் காயம் படாமல் கருவியைப் பிடிக்கும் முறையும் அங்கு ஆராயப்பட்டது. தொழிற்பயிற்சியும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை மேரி இவ்விடத்தில் கண்கூடாகக் கண்டார்.

அவர் கற்கவேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. அறுவை அறையில் பிறருக்கு உதவிய அவர், தம் அன்றாடத் தேவைகளுக்குப் பிறரையே எதிர்பார்த்திருந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், தண்டுவடம் சிதைந்தோருக்கான பயிற்சியை அவர் ஒரு நோயாளராகச் சென்று பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தாமே மாறவும், தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளவும் அங்குக் கற்றார். பின்னர் நியூயார்க் நகரில் ஹோவர்டு ரஸ்க் என்னும் மருத்துவரின் மறுவாழ்வு நிலையத்தில் மேற்படிப்பை மேற்கொண்டார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற விமானப்படையினரைப் படுக்கையிலேயே கிடத்தி வைக்காமல், பயிற்சியும் கல்வியும் கொடுத்து வாழ்க்கைக்குத் திருப்பியவர் ரஸ்க். காயம் ஆறியதும் நோயாளரை அனுப்பிவிடுவது மருத்துவத்தின் பாதி வேலையே என்பது அவருடைய கொள்கை.

தாயகம் திரும்பிய மேரி, 1963இல் வேலூரில் உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வுத் துறையின் தலைமையை ஏற்றார். உள்நோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் வசதியோடு இந்தியாவில் அமைந்த முதல் துறை அதுவே. 1966இல் வேலூரையடுத்த பாகாயத்தில் தனி மறுவாழ்வு நிலையமும் திறக்கப்பட்டது.

அத்தகைய நிலையத்தில் என்ன நடைபெறுகிறது என்பதைச் சற்று விரிவாகவே காணவேண்டும். நம் நாட்டில் தண்டுவடம் சிதைந்து வருவோருள் சாலை விபத்தில் சிக்கியவர்கள் உண்டு. பனையிலிருந்தோ தென்னையிலிருந்தோ வீழ்ந்தவர்களும், கிணற்றில் தவறி விழுந்தவர்களும் உண்டு. பலர் உழைத்துக் குடும்பத்தைக் காத்த இளைஞர்கள். அவர்களை முதலில் அச்சுறுத்துவது படுக்கைப்புண். உணர்வில்லாத உடல் ஒரே பக்கமாய் அழுந்திக் கிடந்தால், வலியே தெரியாமல் தசை அழுகிவிடும். எனவே இரண்டு மணிக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கின்றனர். நாற்காலியில் அமரத் தொடங்கியபின், கைகளை ஊன்றி உடலை அவ்வப்போது தூக்கி இறக்கும் பழக்கத்தைக் கற்பிக்கின்றனர். சிறுநீரைக் காலந்தவறாமல் வெளியேற்றும் முறையைக் கற்பிக்கின்றனர். தோள்களும் புயங்களும் வலுப்பெறப் பயிற்சி அளிக்கின்றனர். ஏனெனில், இனிக் கால்களின் வேலையையும் அவையே செய்யவேண்டும்.

இவற்றுக்குப் பின்னரே தொழிலைப் பற்றிய பேச்சு எழுகிறது. காலால் மிதிக்கும் தையல் எந்திரம் இவர்களுக்குப் பயன்படாது. கையால் சுழற்றும் எந்திரம் பயன்படும். அமர்ந்தவாறே கடிகாரம் பழுதுபார்க்கலாம்; தச்சு வேலை செய்யலாம்; சிறு பெட்டிக்கடை நடத்தலாம்; கோழி வளர்க்கலாம். எத்தொழிலைக் கற்பிப்பது என்பதை, நோயாளரின் உடல்நிலையை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. அவருடைய ஊர் எது, வீட்டு வாயிலில் படிகள் எத்தனை, செய்த பொருளை வாங்குவார் அவ்வூரில் உண்டா என்றெல்லாம் கேட்டறியவேண்டும். வந்தவர் அனைவருக்கும் மெழுகுவத்தியும் சுண்ணக்கட்டியும் செய்யக் கற்றுக்கொடுத்து அனுப்பும் பயிற்சிக்கூடங்கள் இன்றும் உள்ளன. ஒரே பொருளை அத்தனை பேரும் செய்தால் யார் வாங்குவார் என்று அங்கு எவரும் கேட்பதாகத் தெரியவில்லை. அப்பயிற்சி, கற்பித்தவருக்குக் கணக்குக் காட்டவே உதவும்.

மேரி அம்மையாருக்குச் செல்வமும், உயர்கல்வியும், வழிகாட்டும் ஆசிரியரும், அயல்நாடு செல்லும் வாய்ப்பும் இருந்தன. மரத்திலிருந்து விழுந்த தொழிலாளிக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆகவே, அம்மையாரைச் சுட்டிக்காட்டி, அவரைப்போல் நீயும் மனம் தளராமல் எழுந்து நில் என்று அத்தொழிலாளியிடம் கூறுவது முறையாகாது. இவ்வேறுபாட்டை அம்மையார் செயலால் உணர்த்தினார். தமக்குக் கிடைத்த பயிற்சி, கூலி வேலை செய்பவருக்கும் அவர் இருக்கும் இடத்தருகே கிடைக்கவேண்டும் என்பதற்காகவே பாகாயம் நிலையத்தை வளர்த்தார். நோயாளரைச் சந்திக்கச் சக்கர நாற்காலியில் வந்த அந்த மருத்துவர், அவர்களுக்கு உண்டாகும் வலி, வெட்கம், சினம் அனைத்தையும் நூலில் படித்து அறிந்தவர் அல்லர்.

இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. பிற்காலத்தில் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஊனமுற்ற இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி அளிப்பதே அதன் முதன்மைப் பணி. அம்மையார் 1986 டிசம்பரில் காலமானார். விபத்துக்குப் பின் ஏறத்தாழ 33 ஆண்டுகள் வாழ்ந்தார்.

அவர் பணியைத் தொடங்கிய காலத்தில் ஊனமுற்றோருக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. நடுவண் அரசு தொழில்சார் மறுவாழ்வு மையங்களை முதன்முதலாக 1968இல் மும்பையிலும் ஐதராபாத்திலும் அமைத்தது. 1995இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வந்தன. இச்சட்டத்தின்படி அரசு வேலைகளில் 4 விழுக்காடும், உயர்கல்வி நிலையங்களில் 5 விழுக்காடும் அவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. நம் திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்தும் மாற்றுத்திறனாளர் மருத்துவமனை உள்ளது. பர்ட் ஆசுபத்திரி என்று கேட்டால் ஆட்டோ ஓட்டுநர் எவரும் வழி காட்டுவார். அறுவைச் சிகிச்சையும் செயற்கைக் கால்களும் நாடி ஆந்திரத்தின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் மக்கள் அங்கு வருகின்றனர். புதிய காலோடு வெளியே வரும் அவர்களுள் எத்தனை பேருக்கு ஊரில் வேலை காத்திருக்கிறது என்பது, வேலூரில் அன்று பிராண்டும் மேரியும் எதிர்கொண்ட அதே வினாதான்.

செயற்பாடு: உங்கள் பள்ளியின் முதன்மை வாயிலிலிருந்து உங்கள் வகுப்பறை, நூலகம், கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவற்றிற்குச் செல்லும் வழியில் உள்ள படிகளை எண்ணுங்கள். சாய்தளம் எங்கெங்கு உள்ளது, எங்கு இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவர் ஒருவர் உங்கள் வகுப்பில் சேர்வதற்கு என்னென்ன மாற்றங்கள் தேவை என்பதை விளக்கி, பள்ளி முதல்வருக்கு ஒரு விண்ணப்பம் எழுதுக.