எந்தச் சபையிலும் நில்லாத சாது

காசியிற் பாதி கல்பாத்தி என்று எங்கள் ஊரைச் சொல்லுவார்கள். பாலக்காட்டை ஒட்டி, ஆற்றங்கரையில், விசுவநாதசுவாமி கோயிலை நடுவே வைத்து, தமிழ் பேசும் அக்கிரகாரங்கள் நீண்டு கிடக்கும் ஊர் அது. (எங்கள் தமிழில் மலையாளம் கலந்திருப்பது பற்றி விடுதி நண்பர்கள் செய்யும் கேலியை நான் மன்னித்துவிட்டேன்.) ஐப்பசித் தேரின்போது காவி உடுத்த பரதேசிகள் வருவார்கள். என் தாத்தா காவியைக் கண்டால் திண்ணையைவிட்டு எழுந்து நிற்பார். ஆனால் எந்த மடம், குரு யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வந்த பிறகுதான் உள்ளே சொல்லிச் சோறு போடச் சொல்லுவார். எந்த மடமும் இல்லை என்று ஒருவர் சொல்லிவிட்டால் தாத்தாவுக்கு என்ன செய்வதென்றே தெரியாது.

தேர்வீதி முடிந்து சந்தை தொடங்கும் இடத்தில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர் ஒருவர் குடியிருந்தார். ஊரார் எல்லோருக்கும் அவர் மாஷ். எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். கிறிஸ்தவர், ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் விளக்கேற்றி, பாய்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, தமிழ் வேதாகமத்தை வாய்விட்டுப் படிப்பார். அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது. உயரமான மேனி, கருந்தாடி, தலைப்பாகை, தோளிலிருந்து கால்வரை ஒரே அங்கி. வடநாட்டுச் சுவாமியார் ஒருவர் என்று எண்ணி, சிறுவயதில் நான் அந்தப் படத்தைக் கும்பிட்டிருக்கிறேன். மாஷ் தடுக்கவில்லை. படத்திலிருப்பவர் சாது சுந்தர் சிங் என்று பிறகுதான் சொன்னார். அன்று கேட்ட கதையையும், இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின் நூலகத்தில் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சுந்தர் சிங் 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், அந்நாளைய பாட்டியாலா சமஸ்தானத்து ராம்பூர் கிராமத்தில், நிலபுலம் மிக்க சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ஷேர் சிங். தாயார் மிகுந்த பக்தியுடையவர். குளித்துத் துதி சொல்லாத பிள்ளைக்குக் காலை உணவு கிடையாது. ஏழு வயதுக்குள் கீதை முழுவதும் மகனுக்கு மனப்பாடம். அண்ணன்மார்களைப் போல இவன் உலகத்தில் உழலாமல் சாதுவாகவேண்டும் என்பது தாயின் ஆசை. அந்தத் தாய் சுந்தருக்குப் பதினான்கு வயதாகும்போது இறந்துபோனார். ஊரிலிருந்த அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு, தாயைப் பறித்த கடவுள்மேல் வந்த கோபமெல்லாம் பள்ளியின் வேதபுத்தகத்தின்மேல் திரும்பிற்று. 1904 டிசம்பரில் அதைக் கிழித்துத் தீயிலிட்டான்.

எரித்தும் மனம் ஆறவில்லை. மூன்றாம் நாள் இருட்டோடு எழுந்து குளித்துப் பிரார்த்தனை செய்தான். கடவுள் ஒருவர் உண்டென்றால் தன்னைக் காட்டட்டும். இல்லாவிட்டால் ஐந்து மணிக்கு வரும் லூதியானா வண்டியின்முன் தலையை வைத்துவிடுவது என்று முடிவு. கண்ணனோ புத்தரோ வருவார் என்று எதிர்பார்த்த இடத்தில், ஒளியின் நடுவே தான் கண்டது இயேசுவை என்று பிற்காலத்தில் நூறு மேடைகளில் அவர் சொன்னார். குடும்பம் கெஞ்சிற்று, மிரட்டிற்று. கூந்தலை வெட்டிக்கொண்டபின் வீட்டைவிட்டே வெளியேற்றிற்று. கடைசியாக வீட்டில் உண்ட சோற்றில் நஞ்சு கலந்திருந்ததாகவும் பிழைத்தது அரிது என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள். 1905 செப்டம்பர் 3, அவருடைய பதினாறாவது பிறந்தநாள். அன்று சிம்லாவில் ஆங்கிலிக்கன் சபைக் குரு ஒருவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

கவனியுங்கள் நண்பர்களே: சபையை வெறுத்து ஒதுங்கிய மனிதரல்லர் இவர். சபையின் வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தார். ஆனால் முப்பத்து மூன்று நாட்கள் கழித்து அவர் எடுத்த அடுத்த அடி எந்தப் பாதிரியாரும் சொல்லிக்கொடுத்ததன்று. தாய் ஆசைப்பட்ட காவியை உடுத்து, காலில் செருப்பில்லாமல், கையில் காசில்லாமல் புறப்பட்டார். கிறிஸ்தவரென்றால் கால்சட்டையும் தொப்பியும் என்றிருந்த காலம். கிராமத்தார் சாது வந்திருக்கிறார் என்று வணங்கி வரவேற்பார்கள். இயேசுவின் பெயரைச் சொன்னதும் விரட்டுவார்கள். இரவில் மரத்தடி, சில வேளை பட்டினி. சபாத்துவில் தொழுநோயாளரிடையே பணி செய்தார். அங்கே அவருக்குத் துணையாய் இருந்தவர் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்க இளைஞர். பிற்காலத்தில் சத்தியானந்தர் என்று பெயர் மாற்றிக்கொண்டு இமாசலத்து மலைகளில் ஆப்பிள் பயிரைப் பரப்பினாரே, அவரேதான். ஸ்டோக்ஸ் 1910இல் துறவியர் சகோதரத்துவம் ஒன்றை அமைத்தபோது, சுந்தர் சிங் அதிலும் முறைப்படி சேரவில்லை.

அவர் நல்லெண்ணத்தோடு ஒருமுறை கட்டுக்குள் வரவும் முயன்றார். 1909இல் லாகூர் வேதசாஸ்திரக் கல்லூரியில் சேர்ந்தார். வகுப்புகளில் அவர் மனம் ஒட்டவில்லை. ஆயினும் பிரசங்கிக்க உத்தரவுச் சீட்டு கிடைத்தது; குருப்பட்டத்துக்கும் வழி திறந்திருந்தது. அப்போதுதான் ஒரு செய்தி தெரிந்தது. ஆங்கிலிக்கன் சபையின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வேறு சபையாரின் பீடங்களில் தம் விருப்பம்போல் ஏறிப் பேச முடியாது. அவருக்கு எழுத்துக் கற்பித்தது பிரஸ்பிட்டேரியன் பள்ளி. ஞானஸ்நானம் தந்தது ஆங்கிலிக்கன் சபை. பசித்தபோது சோறு போட்டவர்கள் யார் யாரோ. இவர்களில் ஒருவருக்கு மட்டும் எப்படி உரியவராவது? சீட்டை லாகூர் அத்தியட்சர் லெஃப்ராயிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அத்தியட்சர் கோபிக்கவில்லை என்பதை நான் மிகவும் ரசித்தேன். இந்த மனிதர் ஒரு கூட்டுக்குள் அடங்கமாட்டார் என்பது அவருக்கும் புரிந்திருக்கவேண்டும். அதன்பின் சுந்தர் சிங் எந்தச் சபை அழைத்தாலும் போனார்; எந்தச் சபையின் திருவிருந்திலும் பங்கு கொண்டார். தம் பேச்சைக் கேட்டு மனம் மாறி வந்தவர்களுக்குத் தாமே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அவ்வவ்வூர்ச் சபைக்கே அனுப்பினார். தம் பெயரால் புதுக்கூட்டம் ஒன்று எழுவதை அவர் விரும்பவே இல்லை. சபைகளைவிட்டு வெளியே வந்தவர்களில் பெரும்பாலோர் செய்வது என்ன? தாமே ஒரு சபையைத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆசை அவரை அண்டவில்லை.

1918இல் அவர் தென்னாட்டுக்கு வந்தார். நம் பக்கத்துச் சபைப் பிரிவினைகள் எத்தகையவை என்று தெரிந்தால்தான் அந்த வருகையின் அருமை தெரியும். திருவிதாங்கூர்ச் சிரியன் கிறிஸ்தவர்களில் யாக்கோபாயரும் மார்த்தோமா சீர்திருத்தக்காரரும் கோயில் சொத்துகளுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். அந்த வழக்கில் இறுதித் தீர்ப்பு வந்தது 1889இல், சுந்தர் சிங் பிறந்த அதே ஆண்டில். பிரிந்த இரு சாராரும் தனித்தனியே கூட்டங்கள் நடத்தினார்கள். சாது இரு சாராரிடத்தும் போய்ப் பேசினார். பம்பையாற்று மணலில் கூடும் மாராமண் கூட்டத்தில் பல்லாயிரம் பேர் தரையில் அமர்ந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கு அவருடைய மொழி தெரியாது. ஒருவர் நின்று மொழிபெயர்ப்பார். நீதிமன்றம் பிரித்துவைத்தவர்களிடம் போய் ஒரே கதையை இருமுறை சொல்வதற்கு, எந்தச் சீட்டும் இல்லாத ஒருவரால்தான் முடிந்தது. அங்கிருந்து இலங்கை, பிறகு பர்மா, மலேயா, சீனா, ஜப்பான்.

1920இல் இங்கிலாந்து போனார். அந்தப் பயணத்துக்குச் செலவு கொடுத்தவர் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றிய அதே தந்தையார். முதுமையில் அவரும் மகனுடைய வழிக்கு வந்துவிட்டார். மாணவர்களாகிய நமக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி மாணவராய் இருந்தவர் பாளையங்கோட்டைத் தமிழர் ஏ. ஜே. அப்பாசாமி. பேராசிரியர் ஸ்ட்ரீட்டரோடு சேர்ந்து அவர் சாதுவை நேரிற்கண்டு, பல நாட்கள் கேள்வி கேட்டு, 1921இல் வெளியிட்ட நூலே மேனாட்டாருக்குச் சாதுவைத் தெரிவித்தது. அந்த அப்பாசாமிதான் 1950இல், எங்கள் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் கோயமுத்தூரில், தென்னிந்தியத் திருச்சபையின் பேராயரானார். சபைகள் சேர்ந்து ஒன்றான அந்தத் திருச்சபை பிறந்தது 1947இல். அதைக் காணச் சாது இல்லை.

1922இல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, சுவீடன் என்று மறுபடியும் பயணம். கூட்டம் அலைமோதிற்று. அவருக்கோ ஏமாற்றம். ஆற்றிலே காலமெல்லாம் கிடந்த கல்லை எடுத்து உடைத்தால் உள்ளே ஈரமே இல்லையே, கிறிஸ்தவ நாடுகளும் அப்படித்தான் என்ற கருத்துப்படப் பேசினார். அந்த உவமையைப் படித்தபோது எங்கள் ஆற்றங்கரையில் இறங்கி ஒரு கல்லை உடைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

புகழைத் தொடர்ந்து வந்தது வழக்கு. கோடைதோறும் திபெத்துக்குப் போய் வருவதாகவும், அங்கே பாழுங்கிணற்றில் தள்ளப்பட்டுத் தப்பியதாகவும், கைலாசத்தில் வயது கடந்த கிறிஸ்தவ மகரிஷி ஒருவரைக் கண்டதாகவும் அவர் சொல்லியிருந்தார். வங்காளத்தில் இருந்த ஹோஸ்டன் என்ற இயேசுசபைப் பாதிரியார் ஊர் ஊராய்க் கடிதம் எழுதிச் சான்று தேடி, இவையெல்லாம் புனைவு என்று அச்சிட்டார். சுவிட்சர்லாந்தில் மனோதத்துவம் கற்ற பிஃஸ்டர் என்ற போதகரும் அதே கட்சி. ஜெர்மானியப் பேராசிரியர் ஹெய்லர் சாதுவுக்காக எழுதினார். பிறப்பால் கத்தோலிக்கராயிருந்து லூதரன் திருவிருந்தில் பங்குகொண்ட அவரும் இரு சபைகளுக்கு நடுவே நின்றவரே. மகரிஷியை வேறு எவரும் கண்டதில்லை. நீண்ட உபவாசங்களிலும் தியானத்திலும் கண்ட காட்சியையும் கண்ணால் கண்டதையும் அவர் பிரித்துச் சொல்லவில்லை என்றே எனக்குப் படுகிறது. அதனால் அவரைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கவலை வேறு. ஒரு சபையில் குருவாக இருந்தவர்மேல் இத்தகைய பழி வந்தால், அந்தச் சபை விசாரணைக் குழு ஒன்றை வைக்கும்; குற்றமென்றால் கண்டிக்கும், இல்லையென்றால் காக்கும். சாதுவைக் கண்டிக்கவும் அதிகாரம் உள்ளவர் இல்லை, காக்கவும் கடமைப்பட்டவர் இல்லை. நண்பர்கள் சிலர் எழுதினார்கள், அவ்வளவே. சீட்டைத் திருப்பிக் கொடுத்த நாளில் அவர் கொடுத்த விலையின் மிச்சம் அப்போதுதான் வசூலாயிற்று.

மாஷுக்கும் அந்த வசூல் நடந்தது. நான் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தபோது ஒரு விடியற்காலையில் விளக்கின் முன்பே அவர் இறந்துபோனார். எந்தச் சபையின் பதிவேட்டிலும் பெயரில்லை. அவர் மகன் மூன்று இடங்களுக்கு நடந்தார். ஓரிடத்தில் சந்தாப் புத்தகம் கேட்டார்கள். ஓரிடத்தில் அத்தியட்சரின் உத்தரவு வேண்டுமென்றார்கள். மறுநாள் பிற்பகல்வரை ஐஸ் வைத்துக் காத்திருந்தோம். என் தாத்தா, வாழ்நாளெல்லாம் எந்த மடம் என்று கேட்டவர், வீதியைக் கடந்து வந்து மாஷ் வீட்டுத் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் மிகச் சிறிய சபை ஒன்றின் மூப்பர் தம் குடும்பத்துக்கென ஒதுக்கியிருந்த இடத்தில், மதிலோரமாய், ஒரு குழிக்கு இடம் தந்தார். அந்தப் படத்தை மகன் எனக்குக் கொடுத்தார். இப்போது அது என் விடுதி அறையில் இருக்கிறது.

சாதுவுக்கு அந்தச் சிக்கலும் நேரவில்லை. இருதயமும் கண்ணும் பழுதுபட்டு, சபாத்துவில் ஒரு வீட்டில் ஒதுங்கி, உருதுவில் சிறு நூல்கள் எழுதிக்கொண்டிருந்தவர், நண்பர்கள் தடுத்தும் கேளாமல் 1929 ஏப்ரல் 18ஆம் நாள் மறுபடியும் திபெத்துக்குப் புறப்பட்டார். திரும்பவில்லை. தேடிப் போனவர்களுக்குத் துணியோ எலும்போ கிடைக்கவில்லை. 1933இல், அவருடைய உயில் நிறைவேற வேண்டியிருந்ததால், அரசாங்கம் அவரை இறந்தவராக ஏற்றுக்கொண்டது. நாற்பது வயது நிரம்பாதவருக்கு எந்த ஊரிலும், எந்தச் சபையின் தோட்டத்திலும், ஒரு கல்லறை இல்லை.