முகத்துல பூசுன சாயம் ஒரு உயிரைப் பறிச்சுதா? வேஷத்தையே விட்ட சங்கரதாஸ் சுவாமிகளின் கதை!

2019 நடிகர் சங்கத் தேர்தல் ஞாபகம் இருக்கா? பாண்டவர் அணியை எதிர்த்து நின்ற அணிக்கு சுவாமி சங்கரதாஸ் அணின்னு பேர். யார் இந்த சங்கரதாஸ்? தமிழ் நாடகத்தின் தலைமை ஆசிரியராகப் போற்றப்படும் அவர், தானே நடிப்பதை ஏன் நிறுத்தினார்? சுருக்கமா பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை டூ எமதர்மன்

1867ல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் சங்கரன். பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். கொஞ்ச காலம் உப்பு நிறுவனத்தில் கணக்கு எழுதினார். 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டார்.

கிடைத்த வேஷமெல்லாம் பயங்கரமானவை. இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். ஆளும் கம்பீரம், குரலும் கம்பீரம்.

அந்த இரண்டு சம்பவங்கள்

சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்து கர்ஜித்தபோது, கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்துபோனதாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு முறை சனீஸ்வரன் வேஷம். விடிய விடிய நாடகம் முடிந்ததும், சாயத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போனார். விடியற்காலை அரை இருட்டு. எதிரில் வந்த பெண் அந்த முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில் உயிரை விட்டதாக நாடக உலகில் சொல்வார்கள்.

இதில் மனம் உடைந்தவர் வேஷம் போடுவதையே நிறுத்தினார். துறவியைப்போல முருகன் கோயில்களுக்கு யாத்திரை கிளம்பினார். சங்கரன், 'சுவாமிகள்' ஆனது அப்போதுதான்.

சாயத்துக்கு ஏன் இவ்வளவு பயம்?

மின்விளக்கு இல்லாத காலம் அது. கிராமத்து மக்களுக்கு அரிதாரம் வெறும் மேக்கப் இல்லை. பழவேற்காடு இருக்கும் திருவள்ளூர் தொடங்கி விழுப்புரம் வரை, வட மாவட்டங்களில் இன்றைக்கும் தெருக்கூத்து நடக்கிறது. திரௌபதி வேஷம் கட்டியவரை அம்மனாகவே நினைத்துக் கும்பிடுபவர்கள் உண்டு. சாமி வேஷத்தைக் கும்பிடும் கண்ணுக்கு, எமன் வேஷம் எமனாகத்தானே தெரியும்!

ஆனா சாயம் கலைஞ்சதும் மரியாதையும் கலைஞ்சிடும். அதே கலைஞரைக் 'கூத்தாடி'ன்னு ஏளனமா பேசுன சமூகமும் இதேதான்.

மறுபடி எப்படி வந்தார்?

புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரைத் தன் மகன்போல ஏற்றுக்கொண்டார். அவர் கொடுத்த ஊக்கத்தில் சுவாமிகள் நாடகத்துக்குத் திரும்பினார். இந்த முறை ஆசிரியராக.

வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என அவர் எழுதியவை மட்டும் சுமார் 68 நாடகங்கள். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்ததாகச் சொல்வார்கள். 1910ல் சிறுவர்களை வைத்து சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கினார். 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பசங்களாகச் சேர்ந்தது இங்கேதான்.

கடைசி நாட்கள்

1921ல் பக்கவாதம் தாக்கியது. மேடையையே அதிரவைத்த அந்தக் குரல் அடங்கிப்போனது. 1922 நவம்பர் 13ல் புதுச்சேரியில் காலமானார். அவருடைய சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.

தன் முகத்துக்குச் சாயம் வேண்டாம் என்று விலகியவர் அவர். ஆனால் அவர் எழுதிய வள்ளி திருமணத்துக்காக, தென் மாவட்டத் திருவிழாக்களில் இன்றைக்கும் யாரோ ஒருவர் முகத்தில் சாயம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.