பாதியில் நின்ற படிப்பு

நம்ம ஊர்ல எந்தத் தெருவுல அம்பேத்கர் சிலையைப் பார்த்தாலும் கோட்டு சூட்டு, கையில ஒரு புத்தகம். அந்தக் கோட்டுக்குப் பின்னாடி நியூயார்க்கும் லண்டனும் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தப் படிப்பு பணம் இல்லாம நடுவுல நின்னுபோச்சுங்கிறது பல பேருக்குத் தெரியாது. ஃபைனல் இயர்ல உட்கார்ந்து, எம்.எஸ். போகலாமா, லோன் கிடைக்குமான்னு கணக்குப் போடுற நாம தெரிஞ்சுக்க வேண்டிய கதை இது.

1891 ஏப்ரல் 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள மாவ் என்ற ராணுவக் குடியிருப்பில் பீமராவ் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதார். குடும்பம் மகர் சாதி. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதி. பள்ளியில் மற்ற பசங்களோடு சேர்ந்து உட்கார முடியாது. வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில்தான் உட்காரணும். தாகம் எடுத்தால் பியூன் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் வரலைன்னா அன்னைக்குத் தண்ணியும் இல்லை.

1907-ல் மெட்ரிக் பாஸ். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் படிக்க, பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவினார். 1913-ல் அவரே அமெரிக்காவில் படிக்க மூன்று வருஷ ஸ்காலர்ஷிப் கொடுத்தார். மாதம் 11.5 பவுண்டு. கூடவே ஒரு பாண்ட்: படிப்பு முடிந்ததும் 10 வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். அந்த பிப்ரவரியில்தான் அப்பா இறந்திருந்தார். மனைவி ரமாபாயையும் கைக்குழந்தையையும் பம்பாயில் விட்டுவிட்டு, ஜூலையில் கொலம்பியா பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தார். வயசு 22.

பொருளாதாரம், சமூகவியல், வரலாறு, தத்துவம் என்று கிடைத்த வகுப்பில் எல்லாம் உட்கார்ந்தார். 1915-ல் எம்.ஏ. மிச்சம் பிடித்த காசில் பழைய புத்தகங்களா வாங்கிக் குவித்தார். 1916-ல் லண்டன் போய், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும், வக்கீல் படிப்புக்கு கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார்.

1917-ல் ஸ்காலர்ஷிப் காலம் முடிந்தது. நீட்டிப்பு கிடைக்கவில்லை, தீசிஸ் பாதியில் நின்றது. நாலு வருஷத்துக்குள் திரும்பி வந்து முடிக்கலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்ததுதான் ஒரே ஆறுதல். அது முதல் உலகப் போர்க் காலம். அவர் தனியாக அனுப்பிய பெட்டிகள் வந்த கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. சேர்த்த புத்தகங்களில் பெரும்பகுதி கடலோடு போச்சு.

பாண்ட் இருக்கே, பரோடாவுக்கு வேலைக்குப் போனார். வெளிநாட்டுப் பட்டம் வாங்கிய அதிகாரிக்கு அந்த ஊரில் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. ஆபீஸில் பியூன்கள் ஃபைலைத் தூரத்திலிருந்தே வீசினார்கள். ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். சில நாளிலேயே விஷயம் தெரிந்து, கையில் கம்போடு ஒரு கும்பல் வந்து நின்றது. வெளியேறி ஒரு பூங்காவில் உட்கார்ந்து அழுதார். அதோடு பம்பாய்க்கு ரயில்.

இங்கேயே கதை முடிஞ்சிருக்கலாம். 1918-ல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலை கிடைத்தது. பேராசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதற்கு அங்கேயும் எதிர்ப்பு வந்தது. அவர் பாட்டுக்குச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் ஷாகு மகராஜ் கொஞ்சம் உதவினார். கொலம்பியாவில் பழகிய பார்சி நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920-ல் மறுபடியும் லண்டன். அரை வயிற்றுச் சாப்பாடு, பகல் முழுக்க நூலகம். ரமாபாய் பம்பாயில் வறுமையோடு குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். 1921-ல் எம்.எஸ்ஸி., 1923-ல் டி.எஸ்ஸி. ரூபாயின் பிரச்சினை பற்றிய அந்தத் தீசிஸ் அதே வருஷம் புத்தகமாகவும் வந்தது.

இதுக்கப்புறம் அவர் செஞ்சதுதான் எனக்கு முக்கியமாப் படுது. 1942-ல் வைஸ்ராய் நிர்வாக சபையில் உறுப்பினரானார். பதவிக்கு வந்த சில மாதத்திலேயே, பட்டியல் சாதியினரின் குறைகளைப் பற்றி அரசுக்கு ஒரு நீண்ட மனு கொடுத்தார். அதில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்கவும், வெளிநாடு போய்ப் படிக்கவும் ஸ்காலர்ஷிப் கேட்டிருந்தார். அரசு வருஷத்துக்கு 3 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. 1944-ல் தொடங்கிய போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம வகுப்புலயே அதை வாங்குறவங்க இருப்பாங்க. ஒரு மன்னருடைய நல்ல மனசை நம்பிப் போனவர், அடுத்து வர்றவங்க யார் மனசையும் நம்ப வேண்டாம்னு அதை அரசாங்கக் கணக்குல எழுத வெச்சார்.

1956 டிசம்பர் 6 அன்று டெல்லியில் காலமானார்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் நேஷனல் ஓவர்சீஸ் ஸ்காலர்ஷிப் கொடுக்குது. பெரும்பாலும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு. நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் வீட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுல மாஸ்டர்ஸ், பிஎச்.டி. படிக்க ஃபீஸும் தங்குற செலவும் அதுல வரும். வருஷத்துக்கு மொத்த நாட்டுக்கும் 125 இடம்தான். கம்மிதான். ஆனா அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாம, வீட்டை அடமானம் வைக்கிறதைப் பத்தி யோசிச்சிட்டு இருக்கிறவங்க நம்ம ஹாஸ்டல்லயே இருக்கலாம். அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க.