இரக்கத்திற்கு ஒழுங்கு தந்த புனித வின்சன்ட் டி போல்



உங்கள் பங்கிலும் புனித வின்சன்ட் டி போல் சபை இயங்கிவரலாம். அதன் உறுப்பினர்கள் நோயாளரையும் ஆதரவற்றோரையும் வீடு தேடிச் சென்று சந்திப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அச்சபையை வின்சன்ட் அடிகளாரே நிறுவினார் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவர் இறந்து 173 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1833ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஒசானாம் என்னும் இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சபை அது. அவ்விளைஞர்கள் தங்கள் பணிக்கு இவருடைய பெயரை ஏன் தெரிந்துகொண்டார்கள் என்பதை அறிய, அவருடைய வாழ்வைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

அவ்வாழ்வின் தொடக்கம் புனிதர் ஒருவருக்குரியதாகத் தோன்றாது. பிரான்சின் தென்மேற்கே, டாக்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பூய் என்னும் சிற்றூரில், 1581இல் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் வின்சன்ட் பிறந்தார். சிறுவயதில் ஆடுகளையும் பன்றிகளையும் மேய்த்தார். அவர் டாக்ஸ் நகரில் கல்வி பயின்றுகொண்டிருந்த நாள்களில் ஒருமுறை தந்தை அவரைக் காண வந்தார். எளிய உடையோடு, கால் நொண்டியபடி வந்த அம்மனிதரோடு பேச வெட்கப்பட்டு, போக மறுத்துவிட்டார் மகன். முதிர்ந்த வயதிலும் இந்நிகழ்வை அவர் மறக்கவில்லை. தாமே அதைப் பிறர்முன் அறிக்கையிட்டு வருந்தினார்.

1600ஆம் ஆண்டில், 19ஆவது வயதில் அவர் குருப்பட்டம் பெற்றார். திரெந்து பொதுச்சங்கம் இதற்கு வகுத்திருந்த வயதோ 24. அந்நாளில் குருத்துவம் பலருக்குப் பிழைப்புக்கான வழியாக இருந்தது, இவருக்கும் அப்படியே. நல்ல வருமானமுள்ள ஒரு பதவி கிடைத்தால் ஊர் திரும்பித் தாயின் அருகில் வாழலாம் என்னும் எண்ணத்தை 1610இல் தாய்க்கு எழுதிய கடிதத்தில் அவர் வெளியிட்டிருக்கின்றார். குருவாகிய நான் இப்பகுதியை வாசிக்கும்போதெல்லாம் சற்றுத் தயங்கி நிற்பதுண்டு. வறுமையிலிருந்து தப்பிச் செல்வதற்கே அவர் குருவானார். அந்த வறியோரிடமே இறைவன் அவரைத் திருப்பி அனுப்பினார்.

1617ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். லியோன் நகருக்கு வடக்கேயுள்ள ஷத்தியோன் என்னும் சிற்றூரின் பங்குத்தந்தையாக அவர் அண்மையில்தான் வந்திருந்தார். ஞாயிறு திருப்பலிக்காக உடை அணிந்துகொண்டிருந்த வேளையில் ஒரு பெண்மணி வந்து, ஊருக்குச் சற்று வெளியே ஒரு வீட்டில் எல்லோரும் நோயுற்றுக் கிடப்பதையும் தண்ணீர் கொடுக்கக்கூட ஒருவரும் எழ முடியாதிருப்பதையும் தெரிவித்தார். அன்றைய மறையுரையில் அடிகளார் இக்குடும்பத்தைப் பற்றியே பேசினார். பிற்பகலில் அவரும் அவ்வீட்டை நோக்கி நடந்தார். வழியெங்கும் பெண்கள். சிலர் உணவோடு சென்றுகொண்டிருந்தனர், சிலர் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தனர், வேறு சிலர் வெயில் தாங்காது பாதையோரத்தில் இளைப்பாறினர்.

வேறொரு மறையுரையாளராயின் தம் சொல்லின் வல்லமையை எண்ணி மகிழ்ந்து வீடு திரும்பியிருப்பார். வின்சன்ட் அடிகளாரின் உள்ளத்திலோ கவலை எழுந்தது. இன்று குவிந்த உணவில் பெரும்பகுதி பழுதாகிவிடும். அடுத்த வாரம் இதே குடும்பம் மீண்டும் பட்டினி கிடக்கும். ஊரில் இரக்கம் நிறைய இருந்தது, அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. நிவாரண முகாம்களில் பணியாற்றிய உங்களில் பலருக்கு இது புதிய செய்தியன்று. ஒரே நாளில் மூன்று லொறிகள் வரும், பின்னர் பத்து நாள்களுக்கு எவரும் வருவதில்லை.

சில நாள்களில் அவ்வூர்ப் பெண்களை ஒன்றுகூட்டி முறைவைத்துப் பணியாற்றும் ஒரு பிறரன்புச் சங்கத்தை அமைத்தார். அதற்கு அவர் எழுதிய ஒழுங்குவிதிகள் அதே ஆண்டின் இறுதிக்குள் ஆயரகத்தின் அங்கீகாரத்தைப் பெற்றன. அவ்விதிகளில் ஆழ்ந்த இறையியல் விளக்கங்களைத் தேட வேண்டாம். நோயாளிக்கு உணவை எப்படி எடுத்துச் செல்வது, துணியை எப்படி விரிப்பது, உண்ணுமுன் அவருடைய கைகளை எப்படிக் கழுவுவது என்பனவே எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று என் மனத்தை விட்டு அகல்வதில்லை. துணைக்கு ஆளுள்ள நோயாளியை முதலிலும், தனித்திருப்பவரை இறுதியிலும் சந்திக்க வேண்டுமாம். ஏனெனில் அப்போதுதான் தனித்திருப்பவரோடு கூடிய நேரம் தங்கியிருக்க முடியும்.

பாரிஸ் நகரில் இதே பணியைச் செல்வச் சீமாட்டிகள் ஏற்றபோது வேறொரு சிக்கல் தோன்றியது. அவர்களுள் சிலர் தாம் செல்லாது வேலைக்காரிகளை அனுப்பினர். ஆகவே கிராமத்து எளிய பெண்களை நாடினார் அடிகளார். மாடு மேய்த்தபடியே தானாக எழுத்துக் கற்ற மார்கரித் நசோ என்னும் பெண் அவர்களுள் முதல்வர். கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணுக்குத் தன் படுக்கையில் இடம் கொடுத்து, அந்நோயினாலேயே 1633இல் இறந்தார். அவ்வாண்டின் இறுதியில் புனித லூயிஸ் டி மரிலாக்கோடு இணைந்து பிறரன்புப் புதல்வியர் சபையை அடிகளார் தொடங்கினார். கன்னியர் மடத்துச் சுவர்களுக்குள் அடைபட்டு வாழ்வதே வழக்கமாயிருந்த காலத்தில் இச்சகோதரிகள் தெருக்களில் நடந்தனர்.

அரச கப்பல்களில் துடுப்பு வலிக்கத் தண்டிக்கப்பட்ட கைதிகளுக்கு 1619 முதல் அவர் தலைமை ஆன்மகுருவாக இருந்தார். போரால் பாழான லொரேன் பகுதிக்குத் திரட்டிய பணத்தை மத்தேயு என்னும் சகோதரரிடம் கொடுத்தனுப்பினார். அச்சகோதரர் கள்வரும் படைவீரரும் திரிந்த பாதைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தடவைகள் சென்று, ஒருமுறையேனும் பணத்தைப் பறிகொடுக்காது திரும்பினார்.

பசித்தவருக்குச் சோறு கொடுத்துவிட்டு, பசிக்குக் காரணமானவர்கள் முன் அவர் வாய்மூடி நின்றாரா? இல்லை. 1649 ஜனவரியில், உள்நாட்டுக் குழப்பத்தில் பாரிஸ் முற்றுகையிடப்பட்டுப் பஞ்சத்தில் தவித்தபோது, 67 வயதான அடிகளார் குதிரையேறி, பெருக்கெடுத்த சேன் ஆற்றைக் கடந்து, அரசி ஆனிடம் சென்றார். மக்கள் துயர் தீர முதலமைச்சர் கர்தினால் மசரினை விலக்க வேண்டும் என அரசியிடமும், பின்னர் அந்தக் கர்தினாலிடமும் நேரிலேயே வேண்டினார். முயற்சி பலிக்கவில்லை. ஆயர்களைத் தெரிவுசெய்வதில் அரசிக்கு ஆலோசனை கூறும் அவையில் அவருக்கிருந்த இடமும் சில ஆண்டுகளில் பறிபோயிற்று.

கைவிடப்பட்ட குழந்தைகளின் கதையை வேண்டுமென்றே இறுதிக்கு வைத்தேன். பாரிஸ் தெருக்களிலும் ஆலய வாசல்களிலும் ஆண்டுதோறும் முந்நூறுக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் விடப்பட்டன. அவற்றை ஏற்கவென இருந்த இல்லத்தில் ஏறத்தாழ எல்லாமே இறந்தன. அழாதிருக்க மருந்து கொடுத்து உறங்கவைக்கப்பட்டன. சில, பிச்சையெடுப்போருக்குச் சில்லறைக்கு விற்கப்பட்டன. பாவத்தில் பிறந்த பிள்ளைகளைப் பராமரிப்பது பாவத்துக்குத் துணைபோவதாகாதா எனப் பக்தியுள்ள சீமாட்டிகளும் தயங்கினர். இக்கேள்வி நம் ஊர்களிலும் வேறு வடிவங்களில் இன்னும் கேட்கின்றது அல்லவா? 1638இல் சீட்டுப் போட்டுப் பன்னிரு குழந்தைகளை மட்டும் ஏற்றனர். 1640இல் எல்லாரையும் ஏற்பதெனத் தீர்மானித்தனர். போரினால் பணம் வற்றவே, 1647இல் பணியைக் கைவிடுவதா எனக் கூடி ஆலோசித்தனர். அக்கூட்டத்தில் அடிகளார் எழுந்து, இதுவரை நீங்கள் இவர்களுக்குத் தாய்மாராயிருந்தீர்கள், இப்பொழுது சற்றே நீதிபதிகளாயிருந்து இவர்கள் வாழ்வதா சாவதா எனத் தீர்ப்பிடுங்கள் என்னும் பொருள்படப் பேசினார். எவராலும் மறுத்து வாக்களிக்க முடியவில்லை.

1660 செப்டெம்பர் 27ஆம் நாள் விடியுமுன், நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் உயிர் துறந்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1670இல், அக்குழந்தைகளுக்கான இல்லத்தை மன்னர் பதினான்காம் லூயி தம் ஆணையினால் அரச நிறுவனமாக்கினார்.